நான் இங்கே நிற்கிறேன் என்று குதிரைக்குச் சொல்லுங்கள்

போன ஆவணியில் நடந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துக் கடலில் இருக்கும் எங்கள் நெடுந்தீவில் மாதக்கணக்காக மழையில்லை. வெளியில் புல் கருகி, முருகைக்கல் என்ற பவளப் பாறை பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. பவுசர் ஒன்று வந்து சீமெந்துத் தொட்டியில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டு எங்கிருந்தோ இருபது, இருபத்தைந்து குதிரைகள் வந்து தொட்டியைச் சூழ்ந்துவிட்டன. கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை என் பட்டா என்ற சின்ன லொறியில் ஏற்றி, ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு, பெருக்குமரம் எல்லாம் காட்டி முடித்து, கடைசியாகக் குதிரை பார்க்கக் கூட்டி வந்திருந்தேன்.

வாகனம் நிற்கமுதலே ஆறு வயதுப் பிள்ளை குதித்து இறங்கி ஓடினான். தகப்பன் போனை உயர்த்திப் பிடித்தபடி, "இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க கண்ணா, இன்னும் கொஞ்சம்" என்கிறார். பிள்ளை போய் நின்ற இடம், தொட்டிக்குள் தலையை விட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு மண்ணிறப் பெட்டைக் குதிரைக்கு நேர் பின்னால். அங்கே கிடந்த நீலப் பிளாஸ்ரிக் பரல் ஒன்றில் சாய்ந்துகொண்டு தகப்பனைப் பார்த்துச் சிரிக்கிறான். வாலுக்கும் அவன் நெஞ்சுக்கும் இடையில் இரண்டு முழம் இருக்கும். குதிரையின் குட்டி மறுபக்கத்தில் நின்றது. தாயின் காதுகள் இரண்டும் பின்னால் மடிந்து கழுத்தோடு ஒட்டிவிட்டன.

நான் ஓடவில்லை. ஓடினால் குதிரை வெருளும். "ஓ... ஓ... ஓ..." என்று தாலாட்டுப் போல இழுத்துக் குரல் கொடுத்தபடி பக்கவாட்டில் நடந்து போய், பிள்ளையின் தோளைப் பிடித்து என் பக்கம் இழுத்தேன். இழுத்ததும் கால் வந்ததும் ஒன்றாக நடந்தது. பரலின் வயிறு கோடாலியால் கொத்தினது மாதிரிப் பிளந்து போய்விட்டது.

தகப்பனுக்கு முதலில் என்மேல்தான் கோபம். "பிள்ளையை ஏன் இப்படி இழுக்கிறீங்க?" என்று சத்தம் போட்டார். பிறகு பரலைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் வந்து பட்டாவின் பின்பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். அந்த மனிதரில் நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. குதிரையை அவர் படத்திலும் கோயில் வாகனத்திலும்தான் கண்டிருப்பார். வேட்டைத் திருவிழாவில் வரும் மரக்குதிரைக்குப் பின்னால் எவ்வளவு நெருக்கி நின்றாலும் ஒன்றும் ஆகாது.

அன்றைக்கே இதை எழுதவேண்டும் என்று நினைத்தேன். இப்போது இன்னொரு காரணமும் வந்து சேர்ந்துவிட்டது. அக்காவின் மகள் இலண்டனில் இருக்கிறாள், பதினாலு வயது. போன மாதம் வட்ஸ்அப்பில் எடுத்து, "மாமா, நான் குதிரை ஓடப் பழகப் போறன். நீங்கள் குதிரையோடை இருந்தனீங்கள் எண்டு அம்மா சொன்னவ. என்ன கவனம் எடுக்கவேணும்?" என்று கேட்டாள். போனில் சொன்னது பாதி. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். அவளுக்கும், படகேறி எங்கள் தீவுக்கு வரும் எல்லாருக்கும்.

நான் நெடுந்தீவில் பிறந்தவன். டுபாயில் ஒரு லாயத்தில் ஒன்பது வருஷம் சாயிஸாக வேலை செய்தேன். குதிரை பராமரிக்கும் ஆளை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அரபுக் குதிரைகள், பந்தயத்துக்கு வளர்த்த உயர்சாதிக் குதிரைகள். விடிய நாலு மணிக்கு எழும்பி, வெயில் ஏறமுதல் பயிற்சிக்கு விட்டு, குளிப்பாட்டி, தீன் வைத்து, குளம்பு துப்புரவாக்கும் வேலை. அந்தக் குதிரை ஒன்றின் விலைக்கு எங்கள் ஊரில் ஒரு தெருவையே வாங்கலாம். ஆனால் வெருண்டால் அதுவும் எங்கள் வெளியில் நிற்கும் மட்டக்குதிரையும் ஒன்றுதான்.

எங்கள் குதிரைகளின் கதை பலருக்குத் தெரியும். போர்த்துக்கீசர் கொண்டுவந்தார்கள், ஒல்லாந்தர் பெருக்கினார்கள், ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி இந்தத் தீவிலே குதிரைப் பண்ணை நடத்தினார். சாராப்பிட்டியில் நன்னீர்க் கிணறுகளும் பழைய லாயத்தின் தூண்களும் இன்னும் நிற்கின்றன. பண்ணை கைவிடப்பட்ட பிறகு குதிரைகள் வெளியில் தாமாகப் பெருகின. தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் மனிதக் கை படாதவை. 2015 இல் தீவின் ஒரு பகுதியைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆகவே அவை காட்டு மிருகங்கள். வேலியோரமாக அமைதியாக மேய்கின்றன என்பதால் வளர்ப்புக் குதிரை என்று நினைத்துவிடக் கூடாது.

ஒரு சொல்லைப் பற்றியும் சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்தில் சவாரி என்றால் மாட்டுவண்டிச் சவாரிதான். என் அம்மப்பா சவாரி மாடு வளர்த்தவர். நாங்கள் மாட்டோடு வளர்ந்த சனம், அதனால் குதிரையையும் மாடு என்று நினைத்துக்கொண்டுதான் கிட்டப் போவோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது. மாட்டுக்குக் கோபம் வந்தால் கொம்பைத் தாழ்த்தி முன்னுக்கு வரும். நீங்கள் தலையைப் பார்த்துக்கொண்டு பின்பக்கமாக ஒதுங்குவீர்கள். குதிரையிடம் அதே பழக்கத்தோடு பின்னால் ஒதுங்கினால் ஆபத்தின் வாய்க்குள் போய் நிற்கிறீர்கள். மாடு பெரும்பாலும் காலை முன்னுக்கு எடுத்துப் பக்கவாட்டில் வீசும். குதிரை இரண்டு காலையும் சேர்த்து நேர் பின்னால் எறியும். பக்கத்துக்கும் அதனால் உதைக்க முடியும், ஆனால் முழுப் பலமும் பின்னால்தான்.

குதிரைக்குச் சண்டை பிடிக்கும் ஆசை கிடையாது. அதற்கு ஓடத்தான் தெரியும். ஏதோ ஒன்று தன்னைப் பிடிக்க வருகிறது என்று நினைத்த உடனே ஓடும், ஓட வழியில்லாவிட்டால் உதைக்கும். எல்லாப் பக்கமும் பார்க்கத்தான் கண் இரண்டும் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது. தலையைத் திருப்பாமலே தன்னைச் சுற்றி ஏறத்தாழ 350 பாகை பார்க்கும். தெரியாத இடம் இரண்டு. ஒன்று வாலுக்கு நேர் பின்னால். மற்றது நெற்றிக்கு நேர் முன்னால், மூக்குக்குக் கீழே. இதை வருகிறவர்களுக்கு விளங்கப்படுத்த நான் ஒரு வேலை செய்வேன். உங்கள் உள்ளங்கையை எடுத்து மூக்கு நுனியில் ஒட்டி வையுங்கள். கை இருக்கிறது என்று சூடு சொல்லும், கண் சரியாகச் சொல்லாது. யாரோ முன்பின் தெரியாத ஆள் வந்து உங்கள் நெற்றியைத் தடவினால் அப்படித்தான் இருக்கும். ஆனால் எல்லாரும் முதலில் தொடப் போவது குதிரையின் நெற்றியைத்தான். குதிரை தலையை மேலே எறியும், அந்தத் தலை உங்கள் தாடையில் அடிக்கும். பல் உடைந்தவர்களை லாயத்தில் பார்த்திருக்கிறேன்.

லாயத்தில் மூத்த சாயிஸ் ஒருவர் இருந்தார், ராஜஸ்தான்காரர். சாச்சா என்று கூப்பிடுவோம். முதல் நாள் எனக்கு வேலை எதுவும் தரவில்லை. "குதிரையிடம் போ, வா" என்றார். போனேன். "திரும்பிப் போ, பேசிக்கொண்டு போ" என்றார். எனக்கு இந்தி வராது. தமிழில் என்ன பேசுவது என்றும் தெரியவில்லை, "நான் வாறன், நான் வாறன்" என்று சொல்லிக்கொண்டு போனேன். தோளுக்கு நேரே, சரிவாக, அதன் கண்ணுக்கு நான் தெரியும்படி. குதிரையின் ஒரு காது என் பக்கம் திரும்பியது. சாச்சா கையைத் தட்டினார். அந்தக் காது திரும்புவதுதான் பதில். அது திரும்பாதவரை நீங்கள் வந்தது குதிரைக்குத் தெரியாது. நின்றபடியே அரைத் தூக்கம் போடும் மிருகம் அது. கண் திறந்திருந்தாலும் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஒன்பது வருஷமும் நான் "நான் வாறன்" சொல்லித்தான் ஒவ்வொரு கதவையும் திறந்தேன்.

பின்னால் நடக்கவேண்டிய தேவை லாயத்தில் நாளுக்கு நூறு தரம் வரும். அதற்கு இரண்டு வழிதான் இருக்கிறது. ஒன்று, குதிரையின் பின்தொடையில் கையை வைத்து, பேசிக்கொண்டு, உடம்போடு உடம்பாக உரசியபடி சுற்றி வருவது. அவ்வளவு நெருக்கத்தில் கால் வீச இடமில்லை, பட்டாலும் தள்ளுத்தான் விழும். மற்றது, மூன்று நாலு மீற்றர் தள்ளிப் போவது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் ஆளைக் கொல்லும். கால் முழுதாக நீண்டு, முழு வேகத்தோடு வந்து சேரும் இடம் அது. அந்தக் கொழும்புப் பிள்ளை நின்றது அங்கேதான். உரசிச் செல்லும் வழி பழகின குதிரைக்கு மட்டும். நெடுந்தீவு வெளியில் உங்களுக்கு ஒரே வழிதான், தூரம். நான் என் வாகனத்தில் வருகிறவர்களிடம் பட்டாவின் நீளத்தைக் காட்டி, அதைப் போல மூன்று மடங்கு தள்ளி நில்லுங்கள் என்கிறேன். போனில் பெரிதாக்கிப் படம் எடுக்கலாம்தானே.

வறட்சிக் காலத்தில் இன்னும் தள்ளி நிற்கவேண்டும். தாகத்தில் வரும் குதிரைகள் தொட்டியடியில் ஒன்றையொன்று கடிக்கும், தள்ளும், உதைக்கும். அவை உங்களை உதைக்கவில்லை, பக்கத்துக் குதிரையை உதைக்கின்றன, ஆனால் இடையில் நீங்கள் நிற்கிறீர்கள். கூட்டத்துக்கு ஒரு ஆண் குதிரை இருக்கும். அது தலையைத் தரைக்குத் தாழ்த்தி, கழுத்தைப் பாம்பு போல ஆட்டிக்கொண்டு பெட்டைகளை ஒதுக்கத் தொடங்கினால் உடனே வாகனத்துக்குத் திரும்பிவிடுங்கள். குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள். குட்டி தானாக உங்களிடம் வரும், குட்டிகளுக்குப் பயம் குறைவு. அது வந்தாலும் நீங்கள்தான் பின்வாங்கவேண்டும்.

சாப்பாடு கொடுக்காதீர்கள். கையால் தின்னப் பழகின குதிரை அடுத்து வரும் ஆளின் பையைக் கடிக்கும், பிறகு கையைக் கடிக்கும். அதைவிடக் கொடுமை லஞ்ச் சீற். சோறு கட்டின பொலித்தீனை வெளியில் எறிந்துவிட்டுப் போகிறார்கள், உப்புக்கும் மணத்துக்கும் குதிரை அதைச் சேர்த்து விழுங்குகிறது. குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது போனதுதான். குடல் அடைத்த குதிரை எப்படிச் சாகும் என்று டுபாயில் ஓரிரவு முழுக்கக் கண்டேன். உருண்டு உருண்டு, தன் வயிற்றைத் தானே திரும்பிப் பார்த்துப் பார்த்து. வைத்தியர் பக்கத்தில் நின்ற குதிரைக்கே அந்தக் கதி. இங்கே வெளியில் யார் பார்ப்பது?

இனி என் விரலைப் பற்றி. இடது கை மோதிர விரல் எனக்கு மடியாது. படகில் கயிறு பிடிக்கும்போது மற்ற மூன்று விரலும் மடிந்திருக்க அது மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். லாயத்தில் சேர்ந்து ஏழு மாதத்தில் நடந்தது. ஒரு சாம்பல் நிறக் குதிரையைக் குளிப்பாட்டக் கூட்டிப் போனேன். சாதுவான குதிரை, ஏழு மாதத்தில் ஒரு நாளும் முரண்டு பிடித்ததில்லை. கயிறு நீளமாக இருந்தது, தரையில் இழுபடாமல் இருக்கட்டும் என்று கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டேன். அம்மப்பா மாட்டுக் கயிற்றை அப்படித்தான் பிடிப்பார். சின்ன வயதிலிருந்து கண்ட பழக்கம். குளியல் இடத்தில் யாரோ தகரவாளியைக் கீழே போட்டார்கள். அவ்வளவுதான். குதிரை திரும்பிப் பாய்ந்தது, கயிற்றின் சுற்று இறுகியது, நான் கயிற்றோடு போனேன். பத்துப் பதினைந்து மீற்றர் இழுபட்டிருப்பேன். கயிறு கழன்றபோது விரலின் தோலையும் சேர்த்துக்கொண்டு கழன்றது. மூட்டு நொறுங்கிப் போயிருந்தது. வலி அப்போது தெரியவில்லை, கையைப் பார்க்க வெள்ளையாக ஏதோ தெரிந்தது, அது எலும்பு என்று விளங்கச் சில நொடி எடுத்தது. குதிரை கொஞ்சத் தூரத்தில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. அது என்னிடமிருந்து ஓடவில்லை, வாளிச் சத்தத்திலிருந்து ஓடியது. நான் அதில் கட்டுப்பட்டிருந்தேன் என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். மிச்சக் கயிற்றை முன்னும் பின்னுமாக மடித்து, அந்த மடிப்பை உள்ளங்கைக்குக் குறுக்கே வைத்து, நடுவில் பிடிக்கவேண்டும். குதிரை இழுத்தால் மடிப்பு ஒவ்வொன்றாக அவிழ்ந்து போகும், கை உங்களோடு இருக்கும். இடுப்பில் கட்டாதீர்கள், தோளில் மாட்டாதீர்கள். மோதிரம், காப்பு எல்லாம் கழற்றி வையுங்கள். தூணில் கட்டும்போது நுனியைப் பிடித்து இழுத்தால் ஒரே இழுவையில் அவிழும் முடிச்சுத்தான் போடவேண்டும். லாயத்தில் தூண் வளையத்தில் முதலில் மெல்லிய சணல் ஒன்றைக் கட்டி, அந்தச் சணலில்தான் குதிரைக் கயிற்றைக் கட்டுவோம். வெருண்டு பின்னால் இழுத்தால் சணல் அறும். கழுத்து முறிவதைவிட ஐந்து சதச் சணல் அறுவது நல்லது.

குதிரையை வெளியில் விடும்போதும் ஆட்கள் அடிபடுவதுண்டு. வாசலைத் தாண்டினதும் தலைக்கயிற்றைக் கழற்றி, பின்னால் ஒரு தட்டுத் தட்டி விடுவார்கள். விடுதலை கிடைத்த சந்தோஷத்தில் குதிரை துள்ளிப் பின்னங்காலை எறிந்துகொண்டு போகும். உள்ளே கொண்டுபோய், குதிரையை முழுதாகத் திருப்பி, அதன் முகம் வாசலையும் உங்களையும் பார்க்க நிறுத்தி, பிறகு கழற்றுங்கள். அது திரும்புவதற்குள் நீங்கள் இரண்டு அடி பின்னுக்கு எடுத்துவிடலாம். பாட்டாச் செருப்போடு குதிரைக்குக் கிட்டப் போகவேண்டாம். காலை மிதித்துவிட்டால் உங்கள் காலை இழுக்காமல், அதன் தோளைத் தள்ளுங்கள். பாரத்தை மற்றக் காலுக்கு மாற்றினால் குளம்பு தானாக எழும்பும். குளம்படியில் வேலை செய்யும்போது முழந்தாள் போட்டு உட்காரக் கூடாது, குந்தித்தான் இருக்கவேண்டும். குந்தியிருப்பவன் துள்ளி எழும்பலாம்.

இப்போது என் மருமகளுக்கு. பிள்ளை, ஏறமுதல் தரையில் இருக்கும் வேலையெல்லாம் நீயே செய்யக் கேள். துலக்கு, குளம்பைத் தூக்கிப் பார், சேணம் போடப் பழகு. தரையில் உன்னை மதிக்காத குதிரை மேலே ஏறினாலும் மதிக்காது.

தலைக்கவசம் குதிரை ஓட்டத்துக்கென்று செய்ததாக இருக்கவேண்டும், சைக்கிள் ஓடுவது வேறு. நாடி வார் இறுகியிருக்கவேண்டும். ஒரு தரம் விழுந்து அடிபட்ட கவசத்தை வெளியில் கீறல் இல்லாவிட்டாலும் மாற்றிவிடு. உள்ளே நொறுங்கின நுரை ஒருமுறைதான் காப்பாற்றும். சப்பாத்துக்குக் குதி இருக்கவேண்டும். குதியில்லாத சப்பாத்துப் போட்டால், சேணத்தில் கால் வைக்கத் தொங்கும் வளையம் இருக்கிறதே, அந்த அங்கவடிக்குள் பாதம் முழுதாகப் போய்விடும். விழும்போது கால் அங்கவடியில் மாட்டிக்கொண்டால், ஓடும் குதிரை உன்னை இழுத்துக்கொண்டு ஓடும். விழுவதைவிட அதுதான் பயங்கரம். முன்பாதத்தை மட்டும் அங்கவடியில் வை, குதியைத் தாழ்த்து. உன் ஆசிரியர் ஒரு பாடத்தில் நூறு தரம் "குதியைத் தாழ்த்து" என்று சொல்லுவார். அலுத்துக்கொள்ளாதே.

வயிற்று வாரை ஏறமுதல் ஒருதரம், கொஞ்சம் நடத்திவிட்டு இன்னொருதரம் இறுக்கு. வார் போடும்போது வயிற்றை உப்ப வைத்துக்கொள்ளும் குதிரைகள் உண்டு. நாலு அடி நடந்ததும் மூச்சை விடும், வார் தளரும், சேணம் சுழலும். கூட்டமாகப் போகும்போது முன்னால் போகும் குதிரைக்கும் உன் குதிரைக்கும் இடையில் ஒரு குதிரை நீளமாவது விடு. வாலில் சிவப்பு நாடா கட்டியிருந்தால் அது உதைக்கும் குதிரை என்று அர்த்தம், இன்னும் தள்ளிப் போ.

என்றைக்காவது உன் குதிரை வெருண்டு ஓடும். எல்லாருக்கும் ஒருநாள் நடக்கும். அப்போது இரண்டு கடிவாள வாரையும் பிடித்துத் தொங்காதே. நீ எவ்வளவு பலமாக இழுக்கிறாயோ அவ்வளவு பலமாக அது வாரின்மேல் சாய்ந்து ஓடும். முன்னால் குனிந்து கழுத்தைக் கட்டிப் பிடிக்கத்தான் மனம் சொல்லும், குனியாதே. முதுகை நிமிர்த்திப் பாரமாக உட்கார், ஒரு பக்க வாரை இழுத்து விடு, இழுத்து விடு. இடம் இருந்தால் பெரிய வட்டமாகத் திருப்பி, வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாக்கு. சடாரென்று திருப்பினால் குதிரையே விழுந்துவிடும். விழத்தான் போகிறோம் என்று தெரிந்தால் இரண்டு காலையும் அங்கவடியிலிருந்து எடு, வாரை விடு, உருண்டு போ. எப்படி இறங்கி உருளுவது என்று முதல் மாதத்திலேயே, நிற்கும் குதிரையில், ஆசிரியரிடம் கேட்டுப் பழகிவிடு. ஓடும்போது யோசிக்க நேரம் கிடையாது, பழகின உடம்புதான் செய்யும்.

விழுந்த பிறகு எழும்ப அவசரப்படாதே. கழுத்து நோகிறது, கை கால் விறைக்கிறது என்றால் அசையாமல் கிட. தலைக்கவசத்தையும் தெரியாதவர்கள் கழற்றக் கூடாது. தலையில் அடிபட்டுச் சுகமாகத்தானே இருக்கிறேன் என்று வீட்டுக்குப் போனவர்களுக்குச் சில மணி நேரம் கழித்து வாந்தியும் மயக்கமும் வந்ததுண்டு. அம்மாவுக்குச் சொல்லாமல் மறைக்கக் கூடாது, அவள் ஏசினாலும் பரவாயில்லை.

எங்கள் ஊர்ப் பெடியளுக்கும் ஒரு வார்த்தை. நானும் பத்து வயதில் கயிற்றை எறிந்து குட்டி பிடித்து, சேணமில்லாமல் ஏறி ஓடினவன்தான். கடற்கரை மணலில் விழுந்ததால் தப்பினேன். என்னோடு ஏறின பெரியம்மாவின் மகன் கல்வேலியில் விழுந்து தோள் எலும்பை உடைத்துக்கொண்டான், இன்றைக்கும் குடத்தைத் தோளில் ஏற்ற அவனால் ஏலாது. இந்தத் தீவில் விழ நல்ல இடம் கிடையாது. கீழே முருகைக்கல், சுற்றிவர முருகைக்கல் வேலி. ஊர் ஆஸ்பத்திரியில் முடியாத காயமென்றால் குறிகாட்டுவான் இறங்குதுறைக்குப் படகிலேயே ஏறத்தாழ ஒரு மணி நேரம், அங்கிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குத் தரை வழி. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் அந்த ஒரு மணி நேரம் என்ன பாடு என்று நீங்களே அறிவீர்கள். குட்டிக்கும் பாவம். வளராத முதுகில் ஆள் ஏறினால் அதற்கு ஆயுள் முழுக்க நோ.

குதிரையால் வந்த காயம் சின்னக் கீறல் என்றாலும் கழுவிவிட்டு ஏற்பு (ரெற்றனஸ்) ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஏற்புக் கிருமி குதிரைச் சாணத்திலும் அது விழுந்த மண்ணிலும் இருக்கும். கடி என்றால் விசர்நாய்க் கடிக்குப் போவது போலவே உடனே வைத்தியரிடம் போகவேண்டும்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்த கிழமையில் மருமகள் முதல் பாடத்துக்குப் போய்விட்டாள். நேற்று விடிய ஆறு மணிக்குப் போனைத் திறந்தால் படம் வந்திருக்கிறது. வெள்ளைக் குதிரையின் பக்கத்தில் நிற்கிறாள். தலைக்கவசம் சரி, நாடி வார் இறுகியிருக்கிறது. சப்பாத்துக்குக் குதி இருக்கிறது. தோளடியில் நிற்கிறாள், நெற்றிக்கு முன்னால் நிற்கவில்லை. குதிரையின் ஒரு காது அவள் பக்கம் திரும்பியிருக்கிறது. பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறைந்தது. பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கயிறு இடது கையில் ஒரு சுற்று.

அங்கே நடுச்சாமம் தாண்டியிருக்கும் என்று தெரிந்தும் எடுத்தேன். அக்கா பதறிக்கொண்டு, "என்னடா, அம்மாவுக்கு ஏதுமோ?" என்றாள். "ஒண்டுமில்லை அக்கா, பிள்ளையை எழுப்பு" என்றேன். மருமகள் தூக்கக் கலக்கத்தோடு "என்ன மாமா?" என்று வந்தாள். கமராவைப் போடச் சொன்னேன். என் இடது கையை விரித்து, மடியாத விரலைக் கமராவுக்குக் கிட்டப் பிடித்தேன். சின்னப் பிள்ளையாக இருந்தபோது அந்த விரலைப் பிடித்து இழுத்து விளையாடினவள்தான், ஏன் அப்படி நிற்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டாள். சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு எழும்பிப் போய் அறைக் கதவில் தொங்கின உடுப்பின் இடுப்புப் பட்டியை உருவிக்கொண்டு வந்தாள். முன்னும் பின்னுமாக மடித்து, உள்ளங்கைக்குக் குறுக்கே வைத்து, கமராவுக்கு நேரே நீட்டினாள். "இப்பிடியோ மாமா?"

"மற்ற நுனியை அம்மாட்டைக் குடுத்து இழுக்கச் சொல்லு" என்றேன். அக்கா இழுத்தாள். மடிப்பு ஒவ்வொன்றாக அவிழ்ந்து போனது. கை விரிந்தபடி அங்கேயே இருந்தது.